ஒன்பதரை மணிக்கு ஊதிய சங்கு

அன்று காலை ஒன்பதரை மணிக்கு எங்கள் தோட்டத்தில் சங்கு ஊதியது.

சங்கு என்றால் ரப்பர் ஸ்டோரின் கூரையில் இருக்கும் மின்சாரச் சங்கு. தினமும் பகல் பதினொரு மணிக்கு, நாய்கள் எல்லாம் கூடச் சேர்ந்து ஊளையிடும்படி நீளமாக ஒரு தடவை ஊதும். அது ஊதினால்தான் மலையில் பால் வெட்டப் போன பெண்கள் சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் ஊற்றிக்கொண்டு கீழே இறங்குவார்கள். மழை வரும்போல் இருந்தால் மட்டும் முன்கூட்டியே ஊதுவார்கள். மழைத்தண்ணீர் சிரட்டையில் விழுந்தால் பால் வீணாகிவிடும்.

அன்று மழைக்கு ஒரு அறிகுறியும் இல்லை. எங்கள் பக்கத்தில் வருடத்தில் சில நாட்கள்தான் வானம் அப்படித் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். பாடசாலை முற்றத்தில் நின்று மேலே பார்த்தேன். ரப்பர் மரங்களுக்கு இடையில் தலைகள் நிமிர்ந்து வானத்தைத் தேடின.

“மழயாடி வருது?” என்று ஒரு குரல் கேட்டது.

“ஒரு பொட்டு மேகம்கூட இல்லியே” என்றது இன்னொரு குரல்.

“ஆபீஸ்ல போன்ல பாத்திருப்பாங்கடி. இப்பல்லாம் மழ மொதல்ல போன்லதான் வருதாம். ஓடு, ஓடு!”

ஓடினார்கள். மலை முழுக்க வாளிகள் மோதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. வெட்டிக்கொண்டிருந்த மரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, சுள்ளென்று அடிக்கும் வெயிலில், வராத மழைக்கு முன்னால் அத்தனை பேரும் ஓடினார்கள்.

அந்தச் சங்கு ஸ்டோரிலிருந்து ஊதவில்லை. என் தலைக்கு மேலே, பாடசாலையை ஒட்டிய கோயில் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து ஊதியது. அந்த ஸ்பீக்கரின் வயர் போய் முடிந்த இடம் என்னுடைய தரம் நான்கு வகுப்பறை. அங்கே மேசையில் என் கைத்தொலைபேசியும், அதன் பக்கத்தில் ஒன்பது வயது டிலக்சனாவும் இருந்தார்கள். இரண்டும் ஒன்றும் அறியாத முகத்தோடு என்னைப் பார்த்தன.

இந்த நிலைமைக்கு நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்று விளக்க வேண்டுமானால், முதலில் என் குரலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் புலியும் அதிபரின் துண்டுக் கடதாசியும்

நான் எஹலியகொட பஜாரில் பிறந்து வளர்ந்தவள். அப்பாவுக்கு அங்கே பலசரக்குக் கடை. வாசலில் நின்றபடியே தமிழிலும் சிங்களத்திலும் ஆட்களைக் கூப்பிடுவார். வேறு கடைக்குப் போக நினைத்து பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கூட, பஜாரே திரும்பிப் பார்க்கும் வெட்கத்தில் எங்கள் கடைக்குள் நுழைந்துவிடுவார். கடை அண்ணனுக்குப் போனது. குரல் எனக்கு வந்தது. நல்ல பங்கு எனக்குத்தான் கிடைத்தது என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்தத் தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியையாக வந்தபோது படங்கள் கிடையாது, சார்ட் பேப்பர் கிடையாது, கரும்பலகையிலும் பாதிதான் கறுப்பு. ஆகவே வாயால் கதை சொன்னேன். கிழவர் வந்தால் இருமினேன், புலி வந்தால் உறுமினேன். வகுப்புகளுக்கு இடையில் சுவர் இல்லை, இடுப்பளவு பலகைத் தட்டிதான். ஒரு நாள் தரம் நான்கில் நான் உறுமிய உறுமலில் தரம் ஒன்றில் ஒரு பையன் காற்சட்டையை நனைத்துவிட்டான். பாடசாலை அதிபர் ஒரு துண்டுக் கடதாசியில், “டீச்சர், புலியைச் சற்று மெதுவாக உறுமச் செய்யவும்” என்று எழுதி அனுப்பினார். அந்தத் துண்டு இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. பட்டச் சான்றிதழ்தான் எங்கே என்று தெரியவில்லை.

போன வாரம் பத்திரிகையின் இதே பக்கத்தில் நான் எழுதிய அட்டைக்கடிக் கதையைப் படித்துவிட்டு என் தங்கை கூப்பிட்டாள். “அக்கா, நீ எழுதுறதுகூட சத்தமாத்தான் கேக்குது” என்றாள். பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

என் குரலுக்கு முதல் அடி கொரோனா காலத்தில் விழுந்தது. பாடசாலை மூடிக் கிடந்த அந்த மாதங்களில், கதைகளைக் குரல் பதிவாக்கிப் பெற்றோரின் போன்களுக்கு அனுப்பினேன். பிள்ளைகள் சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறி உட்கார்ந்து கேட்பார்களாம். அந்தக் காட்சியை மனதில் நினைத்துக்கொண்டு இன்னும் உருக்கமாகச் சொன்னேன். பாடசாலை திறந்ததும் முதல் வேலையாக, “கதையெல்லாம் எப்படி இருந்திச்சு?” என்று கேட்டேன்.

“நல்லா இருந்திச்சு டீச்சர்” என்றான் ஒரு பையன். “வேகமா ஓடவிட்டுக் கேட்டோம்.”

“ஏன்டா?”

“நீங்க ரொம்ப இழுப்பீங்க டீச்சர்.”

அடுத்த இரண்டு நாட்கள் அந்த வகுப்புக்குக் கணிதம் மட்டும் நடத்தினேன்.

“உங்க குரல் வேணாம் டீச்சர்”

அதற்குப் பிறகு வந்த ஒரு வருடத்தில்தான் இந்த டிஜிட்டல் கதைசொல்லல் எங்கள் பக்கம் வந்தது. எங்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி தந்த ஆலோசகர் என் மகள் வயதுப் பெண். பிள்ளைகள் தாங்களே ஒரு கதை உருவாக்க வேண்டும், படம் வரைய வேண்டும், அந்தப் படங்களைப் போனில் பிடித்து, தங்கள் குரலையும் பொருத்தமான சத்தங்களையும் சேர்த்து ஒரு சின்னப் படமாக ஆக்க வேண்டும் என்று விளக்கினார். பேசப் பயப்படும் பிள்ளைகூட, திரும்பத் திரும்பப் பதிவு செய்யலாம் என்றால் பேசத் தொடங்கும் என்றார்.

நான் கையை உயர்த்தினேன். “மிஸ், கதை சொல்றது எனக்குப் பழக்கம். நான் முழுக் கதையையும் சொல்லிடுறேன், பிள்ளைங்க படத்தைக் காட்டட்டும்.”

“உங்க குரல் வேணாம் டீச்சர். பிள்ளைங்க குரல்தான் வேணும்” என்றார் அவர் சிரித்துக்கொண்டே. வேண்டாம் என்பதை இவ்வளவு இனிமையாகச் சொல்வதற்குத் தனியாகப் பயிற்சி எடுத்திருப்பார்போல.

மறுநாள் வகுப்பில் நான் எடுத்த முதல் வீடியோவில் கூரைத் தகரம் இருந்தது, என் கட்டைவிரல் இருந்தது, “ஓடுதா, ஓடலையா?” என்று கேட்கும் என் குரல் இருந்தது. பிள்ளைகள் யாரும் இல்லை.

“குடுங்க டீச்சர்” என்று கையை நீட்டியவள் டிலக்சனா. அப்பா கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் தேர்த் திருவிழாவுக்கும்தான் வருவார். அம்மா செல்வராணி பால் வெட்டுகிறவர். அப்பாவோடு வீடியோவில் பேசிப் பேசியே போன் அவளுக்கு அத்துப்படி ஆகியிருந்தது. வகுப்பில் வாய் திறக்காதவள். கேள்வி கேட்டால் பென்சிலைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவளைப் பார்ப்பாள். போன் கைக்கு வந்ததும், “டீச்சர், நகருங்க, வெளிச்சத்த மறைக்கிறீங்க” என்றாள். தரம் மூன்றிலிருந்தே, இரண்டு வருடமாக என்னிடம் படித்தவள், என்னிடம் பேசிய முதல் நீளமான வாக்கியம் அது.

மழையிடம் பேசிய மரம்

கதையைப் பிள்ளைகளே கட்டினார்கள். பதினொரு பேரும் சேர்ந்து ஒரு ரப்பர் மரத்தைக் கதாநாயகன் ஆக்கினார்கள். தினமும் கத்தி படுகிறதே என்று அந்த மரம் அழுகிறது. மழை பெய்தால் பால் வெட்ட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டு மழையைக் கூப்பிடுகிறது. மழை தினமும் வருகிறது. மரத்துக்குக் கொண்டாட்டம். ஆனால் மரத்தை வெட்டும் அம்மாவுக்கு வேலை இல்லை, அவள் பிள்ளைக்கு எழுதக் கொப்பி வாங்க வழி இல்லை. பிள்ளை வந்து மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் மரத்துக்கு மனசு கேட்கவில்லை. “மழையே, இனிமே சங்கு ஊதின பிறகு வா” என்கிறது. சங்கு ஊதுகிறது, அம்மா பால் வாளியோடு இறங்கி வருகிறாள், அதன் பிறகு மழை பெய்கிறது. அவ்வளவுதான் கதை. எனக்கு இப்படி ஒன்று தோன்றியிருந்தால் பஜார் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன்.

மரத்தின் குரல் யாருடையது என்று வந்தபோது, டிலக்சனா போனை எடுத்துக்கொண்டு தனியே கோயில் பக்கம் போய்விட்டாள். திரும்பி வந்து பதிவைப் போட்டுக் காட்டினாள். மெல்லிய, சற்றே அடைத்த குரலில் ஒரு மரம் பேசியது. அதன் பிறகு அந்தப் பாத்திரத்துக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை.

எனக்கும் ஒரு பங்கு வேண்டாமா? படங்களைத் திருத்தினேன். மரத்தில் போடும் வெட்டைப் பிள்ளைகள் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரித்து வரைந்திருந்தார்கள். வலப்பக்கம் நின்ற அம்மாவின் கை அதை மறைத்தது. அழகாக இல்லை என்று எல்லாப் படத்திலும் அதை மறுபக்கம் சரித்து வரைய வைத்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அடுத்து சங்குச் சத்தம். அதற்கு எதற்கு இயந்திரம், நான் இருக்கிறேனே என்று மூச்சை இழுத்துப் பிடித்து ஊதினேன். பிள்ளைகள் மரியாதையோடு கேட்டார்கள். கடைசியில் ஒருத்தி மெதுவாக, “இது மாடு டீச்சர்” என்றாள்.

ஆகவே டிலக்சனா மறுநாள் பதினொரு மணிக்கு ஸ்டோர் வாசலுக்குப் போய் உண்மையான சங்கையே பதிவு செய்துகொண்டு வந்தாள். மிகத் துல்லியமான பதிவு. அதன் துல்லியத்தை நான் அப்போது பாராட்டினேன்.

படம் முடியும் தறுவாயில் அவள் தினமும் ஒரே கேள்வியோடு என் மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், படம் காட்டுற அன்னிக்கு அம்மா வரலாமா?”

“தாராளமா வரலாம். பத்து மணிக்கு வரச் சொல்லு.”

“பத்து மணிக்கா டீச்சர்?” என்பாள்.  “அப்ப சங்கு ஊதியிருக்காதே.”

“சங்கு ஊதினா என்ன, ஊதாட்டி என்ன? பிள்ளை படம்னா வர வேணாமா?” என்று நான் கேட்பேன். அவள் போய்விடுவாள்.

சிவப்பு மைக் குறிப்பு

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அத்தனை வருடம் அந்தத் தோட்டத்தில் கற்பித்தும், சங்குக்கும் பால் வெட்டுக்கும் உள்ள சம்பந்தம் எனக்குச் சரியாகத் தெரியாது. இந்தக் கட்டுரையின் ஆரம்பத்தில் நான் விளக்கியதெல்லாம் பிற்பாடு கற்றுக்கொண்டது. எனக்குச் சங்கு என்றால், வீட்டுக்குப் போக இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது என்று பொருள். பாடசாலை ஒன்றரைக்கு விடும், எஹலியகொட பஸ் ஒன்றே முக்காலுக்கு. அதைத் தவறவிட்டால் அடுத்தது நாலு மணிக்குத்தான். நான் தவறவிட்டதே இல்லை.

பெற்றோர் கூட்டத்தைப் பாடசாலைத் தவணைக்கு ஒரு தடவை காலை பத்து மணிக்கு வைப்பேன். மூன்று பேர் வருவார்கள், அதில் ஒருவர் காய்ச்சலில் வேலைக்குப் போகாதவராக இருப்பார். செல்வராணி ஒரு தடவைகூட வந்ததில்லை. அவர் முகமே எனக்குத் தெரியாது. கூட்டம் முடிந்ததும் பதிவுப் புத்தகத்தில் சிவப்பு மையில் எழுதுவேன்: “பெற்றோருக்கு அக்கறை போதாது.” ஒவ்வொரு தவணையும் இதே வாக்கியம். கையெழுத்து மட்டும் வரவர அழகாகிக்கொண்டு போனது.

டிலக்சனாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: மரத்தின் குரலில் அவள் பேசுவதை அம்மா அங்கே உட்கார்ந்து கேட்க வேண்டும். நான் அதைக் கேட்டும் கேட்காதவள் மாதிரி இருந்தேன். ஆலோசகர் வருகிறார் என்ற பரபரப்பில் எனக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை.

சங்கு ஊதிய பின்

அந்த நாளுக்காக அதிபர் கோயில் ஸ்பீக்கரை இரவல் வாங்கியிருந்தார். ஆலோசகர் வரும்போது வரவேற்புப் பாட்டு போட வேண்டுமாம். ஒன்பதரைக்கு நான் முற்றத்தில் கோலத்தைச் சரிபார்த்துக்கொண்டே, “பிள்ள, ஸ்பீக்கர் வேலை செய்யுதான்னு பாரு” என்று குரல் கொடுத்தேன்.

“எதப் போடட்டும் டீச்சர்?”

“எதையாவது போடு!”

மீதி உங்களுக்குத் தெரியும்.

பால் நிறுக்கும் கொட்டகை பாடசாலைக்கு நேர் கீழே இருக்கிறது. பெண்கள் வாளிகளோடு மூச்சு வாங்கிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார்கள். கொட்டகை பூட்டிக் கிடந்தது. நிறுக்கிறவர் இல்லை. மழையும் இல்லை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றபோது, என் வகுப்புப் பிள்ளைகள் முற்றத்து ஓரத்துக்கு ஓடிப்போய், “அம்மா! அம்மா! இங்க வாங்க!” என்று கத்தினார்கள். பெண்கள் வந்தார்கள். வாளிகளோடு, தலையில் கட்டிய துண்டோடு, ரப்பர் பாலின் புளித்த வாடையோடு படியேறி வந்தார்கள்.

சரியாக அந்த நேரத்தில் முச்சக்கரவண்டியில் ஆலோசகர் வந்து இறங்கினார். முற்றம் நிறையப் பெற்றோர். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

“டீச்சர்! நான் போன எந்த ஸ்கூல்லயும் இப்படி ஒரு கூட்டம் பார்த்ததில்ல. எப்படி வரவழைச்சீங்க?”

“ஒரு... அறிவிப்புக் கொடுத்தோம்” என்றேன்.

அவர் தன் படிவத்தை எடுத்து அங்கேயே எழுதத் தொடங்கினார். “பெற்றோர் பங்களிப்பு: மிகச் சிறப்பு” என்று எழுதியதை எட்டிப் பார்த்தேன். மை காய்வதற்குள் சின்னதுரையின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

சின்னதுரை என்றால் தோட்டத்தின் உதவி மேலாளர். இளவயதுச் சிங்களப் பையன், தோட்டத்துக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. முகம் சிவந்திருந்தது. “கவுத ஹோன் எக்க கஹுவே?” என்று கத்தினான். யார் சங்கை ஊதியது என்று கேட்டான்.

 வாளிக்காரப் பெண்கள் அப்போதுதான் விஷயம் புரிந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மரங்களில் பால் இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது. அரைகுறையாக எடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். இது எவ்வளவு பெரிய தப்பு என்று அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. கதவோரத்தில் டிலக்சனா பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“மம தமய்” என்றேன். நான்தான். எதையாவது போடு என்று சொன்னவள் நான்தானே, பொய் ஒன்றும் இல்லை. ஆனாலும் அப்பா கொடுத்த குரல் முழுதாக வெளியே வரவில்லை.

அப்போது கூட்டத்திலிருந்து மெலிந்த, உயரமான ஒரு பெண் வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார். நல்ல சிங்களத்தில், பதற்றமே இல்லாமல் பேசினார். சிரட்டைகளைத் திரும்ப மரத்தில் வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறோம், பால் அதில் வடிந்துகொண்டுதான் இருக்கும், பதினொரு மணிக்குப் போய் இரண்டாவது தடவை எடுத்துவிடுகிறோம், வெட்டாமல் விட்ட மரங்களையும் முடித்துவிடுகிறோம் என்றார். பிறகு தமிழில் என்னைப் பார்த்து, “அது வரைக்கும் இங்க ஒக்காரலாமா டீச்சர்? எம் மக ஏதோ மரமா பேசுதாம்” என்றார்.

அப்படித்தான் நான் செல்வராணியை முதன்முதலாகப் பார்த்தேன்.

சின்னதுரை யோசித்தான். வகுப்பறைக்குள் போய் ஸ்பீக்கர் வயரைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டு, சரி என்பதற்கு “ஹரி” என்றான். பிறகு, போகாமல், கதவருகே சாய்ந்து நின்றுகொண்டான்.

எழுந்து நின்ற பார்வையாளர்கள்

ஆலோசகர் கொண்டுவந்த இயந்திரத்தால் சுவரில் படம் விழுந்தது. வாளிகளைச் சுவரோரமாக வரிசையாக வைத்துவிட்டு எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். முதல் படம் வந்ததுமே பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது.

“அனே, யாரு இந்த மரத்த வெட்டுனது? வெட்டு தலகீழா எறங்குதே!”

“டீச்சர்தான்” என்று பதினொரு பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒற்றுமையாகப் பேச வேண்டும் என்று நான்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

“டீச்சருக்கு ஒரு கத்தியும் வாளியும் குடுங்கடி, பழகட்டும்” என்றார் ஒருவர். சின்னதுரை வாயைப் பொத்திக்கொண்டான். அந்தளவுக்குத் தமிழ் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு மரம் பேசத் தொடங்கியது. சிரிப்பு நின்றது. செல்வராணி முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். “இவ வீட்ல இவ்வளவு பேச மாட்டாளே” என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னார். “மழையே, இனிமே சங்கு ஊதின பிறகு வா” என்று மரம் சொன்னபோது, பால் கறை காய்ந்து கறுத்துப்போன விரல்களால் வாயை மூடிக்கொண்டார்.  நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த கணம் படத்தில் சங்கு ஊதியது.

அத்தனை பெண்களும் எழுந்துவிட்டார்கள். யோசித்து எழுந்ததாகத் தெரியவில்லை, கால்கள் தாமாகவே எழுந்துகொண்டன. கை வாளியைத் தேடியது. இரண்டு பேர் வாசலையே தாண்டிவிட்டார்கள். சின்னதுரை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆலோசகர், “பார்வையாளர்கள் எழுந்து நின்று பாராட்டினர்” என்று படிவத்தில் எழுதிக்கொண்டார். நான் திருத்தவில்லை.

படத்தை மூன்று தடவை போட வேண்டியிருந்தது. மூன்று தடவையும் யாராவது எழுந்தார்கள்.

அப்புறம் பதினொரு மணிக்கு ஸ்டோரில் உண்மையான சங்கு ஊதியபோது ஒருவரும் அசையவில்லை. “இன்னொரு தடவையும் போடுறாங்கடி, ஏமாந்துடாத” என்றார் வாசல் வரை ஓடிய ஒருவர். சின்னதுரைதான், “ஏக்க எத்த! எத்த!” என்று, அது உண்மைச் சங்கு என்று கையைக் காலை ஆட்டிப் புரியவைத்து எழுப்ப வேண்டியிருந்தது.

அவர்கள் மலையேறிய பிறகு டிலக்சனாவைக் கூப்பிட்டேன். “அத்தனை சத்தம் போன்ல இருக்க, எதுக்கு சங்கப் போட்ட?”

“நீங்கதான் எதையாவது போடச் சொன்னீங்க டீச்சர்.”

“உண்மையைச் சொல்லு.”

பென்சிலை வாயிலிருந்து எடுத்தாள். “சங்கு ஊதாம அம்மா வர ஏலாது டீச்சர். ஊதினா வருவாங்க. அதான் ஊதினேன்.”

அவ்வளவு எளிமையான விஷயம். இரண்டு வாரமாக அவள் அதைத்தான் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டரை மணி

சில நாட்கள் கழித்துத் தோட்ட அலுவலகத்திலிருந்து, பாடசாலை எக்காரணம் கொண்டும் சங்கு ஊதக்கூடாது என்று ஒரு கடிதம் வந்தது. அதிபர் அதைப் படித்துவிட்டு, “முன்னாடி புலி, இப்ப சங்கு” என்று மட்டும் சொல்லிக் கோப்பில் போட்டார்.

அந்தத் தவணை பெற்றோர் கூட்டத்தைப் பிற்பகல் இரண்டரைக்கு வைத்தேன். ஒன்றே முக்கால் பஸ் என் கண் முன்னாலேயே போயிற்று. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, “டீச்சர், நகின்னே நத்த?” என்று ஆச்சரியத்தோடு கேட்டான். ஏறவில்லை என்று தலையாட்டினேன். வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து, மூன்று பேர் வருவார்கள் என்று நினைத்து மூன்று நாற்காலிகளைத் துடைத்து வைத்தேன்.

எல்லோரும் வந்தார்கள். குளித்து, தலை வாரி, பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தார்கள். பிள்ளைகளின் சின்ன நாற்காலிகளில் முழங்கால் மேலே முட்ட உட்கார்ந்தார்கள். இடம் போதாமல் பின்னால் சிலர் நின்றார்கள். டிலக்சனாவும் அம்மாவோடு வந்து, பின்னால் ஜன்னலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். என் மடியில் அந்தச் சிவப்பு மைப் புத்தகம் இருந்தது. மூடியே வைத்திருந்தேன்.

செல்வராணி எழுந்தார். “டீச்சர், ஒன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க.”

“நாங்க பால் நிறுத்து, ஊட்டுக்குப் போயி, ரெண்டு மணிக்கு மேல எத்தன தடவ இங்க வந்து பாத்திருக்கோம். ஒருத்தரும் இருக்க மாட்டாங்க, பூட்டியிருக்கும். டீச்சர்மாருக்கு நம்ம புள்ளைங்க மேல அக்கற போதாதுன்னுதான் நாங்க இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தோம்.”

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு தகவலைத் தெரிவிப்பதுபோலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

எழுந்து நின்றேன். பஜாரைத் திரும்பிப் பார்க்க வைத்த குரல், தரம் ஒன்றை நனைய வைத்த குரல், எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தைதான். அதை எப்படியோ சொல்லி முடித்தேன்.

ஜன்னலில் இருந்து டிலக்சனா கையை உயர்த்தினாள்.

“டீச்சர், பின்னால கேக்கல்ல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”